செவிவழிக் கணக்கெடுப்பு: தென்னிந்திய வெட்டுக்கிளி, சுவர்க்கோழி இனங்களின் பன்மையை அளப்பது குறித்து

2020 மே மாதம், பாலைவன வெட்டுக்கிளிப் படை ராஜஸ்தானைத் தாண்டி மத்தியப் பிரதேசத்துக்குள் புகுந்த செய்தி நாளேடுகளை நிறைத்திருந்தது. அப்போது கிருஷ்ணகிரி மாவட்டம் நேரலகிரியில் எருக்கஞ்செடிகளை மொய்த்திருந்த பூச்சிகளைக் கண்டு மக்கள் பதறினர். அவை படையெடுக்கும் இனம் அல்ல என்று பின்னர் தெளிவாயிற்று. அங்கே மொய்த்திருந்த எருக்கு வெட்டுக்கிளி நம் வறண்ட காடுமேடுகளின் நிரந்தரக் குடி. மஞ்சள் உடலில் நீலப் பட்டை ஓடும். இளம்பருவத்தில் வெளிர்மஞ்சளில் கருப்பும் சிவப்புமாய்ப் புள்ளிகள் இருக்கும். குஞ்சை இலேசாகக் கிள்ளினால் உடலிலிருந்து ஒரு நீரைப் பீய்ச்சும். மற்ற விலங்குகள் ஒதுக்கும் எருக்கம்பாலின் நஞ்சு இதற்குப் பகையன்று.

அந்தப் பதற்றத்துக்கு மக்களைக் குறை சொல்ல மாட்டேன். வெட்டுக்கிளிகளும் சுவர்க்கோழிகளும் அடங்கும் ஆர்த்தாப்டெரா வரிசையில் உலக அளவில் பெயரிடப்பட்டவை ஏறத்தாழ 30,000 இனங்கள். அவற்றில் படை திரளக்கூடியவை 20 போல. ஆனால் நம் பாடநூல்களும் பயிர்ப் பாதுகாப்புக் கையேடுகளும் அந்தச் சிறுபான்மையின் வழியாகவே எஞ்சியவற்றையும் அறிமுகம் செய்து வந்திருக்கின்றன. இவ்வரிசையின் பன்மையைப் பூச்சிக்கொல்லியின் கண்ணால் பார்ப்பதை விடுத்து வாழிடத்தின் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கு வலையைவிடக் காது முதன்மையான கருவி என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இவ்வரிசையில் இரு பெரும் கிளைகள் உண்டு. குட்டை உணர்கொம்புள்ள வெட்டுக்கிளிகள் பெரும்பாலும் பகலில் இயங்குபவை. செவி அடிவயிற்றின் முதல் கண்டத்தில் இருக்கிறது. மண்ணைத் துளைத்து, நுரைப்பொதிக்குள் முட்டையிடுகின்றன. உடலைவிட நீண்ட உணர்கொம்புள்ள சுவர்க்கோழிகளும் இலைவெட்டுக்கிளிகளும் பெரிதும் இரவாடிகள். இவற்றின் செவி முன்னங்கால்களில் இருக்கிறது. ஆண்கள் முன்னிறகுகளை ஒன்றோடொன்று உரசிப் பாடுகின்றன. பகலில் புல்வெளியில் வலை வீசிப் பிடிப்பதே வழக்கமான கணக்கெடுப்பு. அப்படிச் செய்தால் முதல் கிளை ஓரளவு சிக்கும். மரமுகட்டில் வாழும் இலைவெட்டுக்கிளியும், வளைக்குள் கிடக்கும் பிள்ளைப்பூச்சியும் பட்டியலில் ஏறவே மாட்டா.

பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ரோகிணி பாலகிருஷ்ணனும் அவர் குழுவினரும் குதிரேமுக் பசுமைமாறாக் காட்டில் செய்த ஆய்வுகள் இதற்கு மாற்றுவழி காட்டின. 2007இல் வெளியான அக்கட்டுரைகள், பாடும் இனங்கள் தரை, கீழ்நிலைச் செடிகள், மரமுகடு என அடுக்கடுக்காகப் பிரிந்து வாழ்வதை விளக்கின. பயிற்சி பெற்ற ஒருவர் இருளில் நின்று கேட்டே இனங்களைப் பிரித்தறிவது நம்பத்தக்க முறை என்பதையும், ஓர் உயிரைக்கூடக் கொல்லாமல் அதைச் செய்ய இயலும் என்பதையும் அவர்கள் நிறுவினர். நம் கல்லூரி விலங்கியல் துறைகள் இந்த முறையை இன்னும் கைக்கொள்ளாதது எனக்குப் பெருங்குறையாகவே படுகிறது. இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. பொறுமையுள்ள மாணவர்கள் போதும்.

கேட்பதன் பயன் பெயர்ப்பட்டியலோடு நிற்பதில்லை. 1936இல் ஷோபார் என்ற பிரெஞ்சு அறிஞர் விவரித்த ஈகாந்தஸ் ஹென்ரியி என்னும் மென்பச்சைச் சுவர்க்கோழியை எடுத்துக்கொள்வோம். தென்னிந்தியப் புதர்க்காடுகளில், வெளிநாட்டிலிருந்து வந்து பரவிய ஹிப்டிஸ் செடிகளில் இது மிகுதி. இதன் பாட்டின் அதிர்வெண் 3 கிலோஹெர்ட்ஸை ஒட்டியது. அந்த ஒலியின் அலைநீளம் சுமார் 11 செ.மீ. இறகோ அதில் சிறு பங்குதான். எனவே இறகின் முன்பக்கம் எழும் ஒலியும் பின்பக்கம் எழும் ஒலியும் விளிம்பைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. சில ஆண்கள் இதைச் சரிக்கட்ட ஒரு வழி வைத்திருக்கின்றன. பெரிய இலையாகத் தேர்ந்து, அதன் நடுப்பகுதியில் இறகின் அளவுக்குத் துளை கடித்து, அதில் தலையையும் முன்னிறகுகளையும் நுழைத்துப் பாடுகின்றன. இரு பக்க ஒலிக்கும் நடுவே இலை தடுப்பாக நிற்க, பாட்டு இரண்டு மடங்குக்கும் மேல் உரக்கக் கேட்கிறது. தென்னாப்பிரிக்க உறவினம் ஒன்றில் இந்நடத்தை 1975இலேயே பதிவாகியிருந்தது. இதைச் செய்பவை பெரும்பாலும் உடல் சிறுத்த, குரல் மெலிந்த ஆண்களே என்று பெங்களூருக் குழு 2020இல் காட்டியது. பெண்கள் உரத்த குரலை நாடுவதால், இலை கிடைத்தால் எளியதும் இணை தேடிக்கொள்கிறது. ஆக, ஒரு புதரின் இலையளவு யார் இனம்பெருக்குகிறார் என்பதைத் தீர்மானிப்பதில் பங்கு கொள்கிறது. ஊசியில் குத்திப் பெட்டியில் வைத்த உடல் இதைச் சொல்லாது.

ஆனால் பாடாதவற்றைக் காது தவறவிடும். பெண்கள் பெரும்பாலும் பாடுவதில்லை, வெட்டுக்கிளிகள் பலவும் ஊமை, இலைவெட்டுக்கிளிகள் சில மனிதக் காதுக்கு எட்டாத மீயொலியில் பாடுகின்றன. ஹவாயின் கவாய்த் தீவில் நடந்தது இன்னும் கடுமையான எச்சரிக்கை. அங்கே ஒட்டுண்ணி ஈ ஒன்று சுவர்க்கோழியின் பாட்டைக் கேட்டு வந்து அதன்மேல் புழுக்களை இடுகிறது. ஆய்வாளர் மர்லீன் சுக் குழுவினர் 2006இல் அறிவித்தபடி, 20 தலைமுறைக்கும் குறைவான காலத்தில் பெரும்பாலான ஆண்கள் பாடும் அமைப்பை இறகிலிருந்து இழந்துவிட்டன. அங்கே காதை மட்டும் நம்பியிருந்தால் அந்தக் கூட்டமே அருகிவிட்டதாக முடிவு கட்டியிருப்போம். ஆகவே வலையை முற்றாகக் கைவிடச் சொல்லவில்லை. முதலில் கேட்டு, எங்கே எந்த அடுக்கில் எந்த நேரத்தில் தேடுவது என்று அறிந்த பின் வலையை எடுக்கலாம்.

இப்படி முதலில் கேட்பதற்கு நிலம் சார்ந்த காரணமும் உண்டு. வருவாய்ப் பதிவேட்டில் தரிசு எனக் குறிக்கப்படும் புதர்வெளியும், சீகையும் தைலமரமும் நட்டு மூடப்பட்ட நீலகிரி, பழனிமலைப் புல்வெளிகளும் இப்பூச்சிகளின் தாயகம். நிழல் விழுந்தால் புல் குன்றும், வெயில்பட்ட வெற்று மண்ணும் போகும். முட்டையிட இடம் தேடும் வெட்டுக்கிளிக்கு இரண்டும் இழப்பு. மரம் நடும் திட்டத்துக்கு முன் ஈரப்பருவத்தில் ஓரிரவும் வறண்ட பருவத்தில் ஓரிரவுமாவது அந்நிலத்தைக் கேட்டுப் பதிய வேண்டும் என்பது என் பரிந்துரை. பதிவேட்டில் நேரம், உயரம், செடி ஆகியவற்றோடு வெப்பநிலைக்கும் ஒரு கட்டம் வேண்டும். ஈகாந்தஸ் ஹென்ரியியின் சுருதி குளிரில் இறங்கி வெப்பத்தில் ஏறுகிறது. அந்த எண்ணைக் குறிக்காவிட்டால் மார்கழியில் கேட்டதையும் சித்திரையில் கேட்டதையும் இரு வேறு இனங்கள் என்று எழுதிவிடுவோம்.