மலாக்காவில் பரம்பரை இல்லங்கள்

வீட்டு அலங்காரம் என்றதும் நம்மவர்க்குக் கடையிலுள்ள புதுச் சாமான்களே நினைவுக்கு வருகின்றன. மலாக்காவில் முன்னோர் வீடுகள் எவ்வாறு பேணப்பட்டன என்று நோக்குவோர்க்கு வேறொரு வழி புலப்படும்.

ஹீரன் தெரு என்று முன்னாளில் வழங்கிய வீதியில், சான் என்னும் பாபா குடும்பத்தார் 1861ம் ஆண்டில் வாங்கிய இல்லம் இன்று பொருட்காட்சி சாலையாக விளங்குகிறது. வெயிலும் மழையும் நேரே இறங்கும் அதன் நடு முற்றம் கண்ணைக் கவரும். ஆயினும், அங்குள்ள நாற்காலிகளில் இனி எவரும் சாய்ந்து உட்காரார்.

காஜா பேராங்கிலுள்ள மலாக்காச் செட்டிகளின் கிராமமோ வேறு வகையது. வணிகராய் வந்து, இந்நாட்டுப் பெண்களை மணந்து, மலாய் மொழியையே வீட்டு மொழியாகக் கொண்டும் சைவ நெறி வழுவாதவர்கள் இவர்கள். ஜாலான் துக்காங் அமாஸில் டச்சுக்காரர் அளித்த நிலத்தில் 1781ம் ஆண்டு எழுந்த பொய்யாத விநாயகர் ஆலயம் இவர்களுடையதே. வாயிலில் மாவிலைத் தோரணம். உள்ளே சுவாமி மாடம். போகியன்று மறைந்த பெரியோர்க்கு வாழையிலைகளில் உணவு படைப்பர். சீர்திருத்தம் பேசும் நம்மில் சிலர் இதனை ஒப்பார். அவ்வாதம் இங்கு வேண்டாம். இலைகள் பரப்ப இடம் வேண்டுமன்றோ? ஆதலின் கூடத்தைச் சோபாக்களால் அடைத்தல் இயலாது. வாழ்க்கையே அங்கு அலங்காரத்துக்கு அளவுகோல்.

செட்டிநாட்டிலோ, பங்காளிகள் பெருகப் பெருகப் பல மாளிகைகள் பிரிக்கப்பட்டன. பர்மாத் தேக்குத் தூண்களும் கதவுகளும் காரைக்குடிக் கடைகளில் விலைபோயின. பிறர் அவற்றை வாங்கித் தம் ஹோட்டல்களை அழகு செய்கின்றனர்!

பாயா ரும்புட் வட்டாரத்துத் தோட்ட மக்களாகிய நமக்குப் பிரிப்பதற்கும் வீடில்லை. லயத்து வீடு கம்பெனிக்குச் சொந்தம். கிராணி வீடும் அவ்வாறே. வேலை நின்றால் கூரையும் போயிற்று. 1957ம் ஆண்டுச் சுதந்திரத்தை ஒட்டி வெள்ளையர் பெருந்தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, எத்தனையோ குடும்பங்கள் பெட்டி படுக்கையுடன் வெளியேறின. அந்தப் பெட்டியே நாம் பெற்ற பரம்பரைச் சொத்து.

1926 முதல் பல்லாண்டுகள் நம்மவரை ஏற்றி வந்த ரஜுலா கப்பலில் வந்த தகரப் பெட்டி, பித்தளைக் குத்துவிளக்கு, பாட்டி அரைத்த அம்மி ஆகியவை இன்று தாமான் வீடுகளில் மாடிப்படிக்கு அடியில் கிடக்கின்றன. அல்லது பழைய இரும்புக்காரனிடம் எடைக்குப் போகின்றன. அவற்றைக் கண்ணாடிப் பேழையில் வைக்கும்படி நாம் கூறவில்லை. பெட்டியை முன்கூடத்துக்குக் கொணர்க. பத்திரிகைகளை அதன்மேல் போடுக. விருந்தினர் அதில் அமரட்டும். அம்மிக்கு அடுக்களையின் ஓரம் போதும், வாரம் ஒரு நாளேனும் அதில் துவையல் அரைபடுமாயின். பெட்டி மீதுள்ள பழைய பெயரெழுத்தின்மேல் மட்டும் புதுச் சாயம் பூசற்க.