ராக் இசைக்குழுக்களின் தலைமைப் பாடகர்கள்: ஒரு தேர்வும் அதன் அளவுகோல்களும்

மேலை நாட்டு இசை இதழ்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தவறாமல் செய்யும் காரியம் ஒன்றுண்டு. தலைசிறந்த பாடகர்கள் நூறு பேர், இருநூறு பேர் என்று வரிசைப்படுத்தி வெளியிடுவதுதான் அது. பட்டியல் வந்த மறுநாளே சச்சரவு தொடங்கிவிடும். இத்தகைய பட்டியல்களை வெறும் வணிக உத்தி என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும், ஒரு கலையில் எதை நாம் உயர்வென்று கொள்கிறோம், யாருடைய பங்களிப்பை மறந்துபோகிறோம் என்பதற்கான சான்றுகளாக அவற்றை வாசிக்கவும் இயலும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ரோலிங் ஸ்டோன் இதழ் 2008-ஆம் ஆண்டு வெளியிட்ட நூறு பாடகர்களின் பட்டியலில் லெட் ஸெப்பலின் குழுவின் ராபர்ட் பிளான்ட் 15-ஆம் இடத்திலும், குவீன் குழுவின் ஃப்ரெடி மெர்க்குரி 18-ஆம் இடத்திலும் இருந்தனர். அதே இதழ் 2023-இல் இருநூறு பேரைக் கொண்ட புதிய பட்டியலை வெளியிட்டபோது மெர்க்குரி 14-ஆம் இடத்துக்கு உயர்ந்தார். பிளான்ட் 63-ஆம் இடத்துக்கு இறங்கினார். இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளில் பிளான்ட்டின் பழைய ஒலிப்பதிவுகளில் ஒரு சுரம்கூட மாறிவிடவில்லை. மாறியது தேர்வாளர்களும் அவர்களது காதுகளுமே. முதல் பட்டியலுக்கு இசைக்கலைஞர்களும் துறை சார்ந்தோரும் வாக்களித்தனர். இரண்டாவதை இதழின் ஆசிரியர் குழுவும் எழுத்தாளர்களும் உருவாக்கினர். ஆகவே, தேர்வில் இறங்குமுன் அளவுகோல் எது என்று தெளிவுபடுத்திக்கொள்வது இன்றியமையாதது.

முதற்கண், தலைமைப் பாடகர் என்னும் பதவியே ராக் இசையோடு உடன்பிறந்ததன்று. 1950-களில் எல்விஸ் பிரெஸ்லியும் லிட்டில் ரிச்சர்டும் தனிப்பெயர்களாகவே அறியப்பட்டனர். பின்னணியில் வாசித்தோர் பின்னணியிலேயே நின்றனர். பீட்டில்ஸ் குழுவில் நால்வருமே பாடினர். அக்குழுவுக்குத் தலைமைப் பாடகர் என்று ஒருவரைச் சுட்டவியலாது. பெரும்பாலும் கையில் கருவியேதுமின்றி, ஒலிவாங்கியை மட்டும் பற்றிக்கொண்டு மேடையின் முன்விளிம்பில் நிற்கும் மனிதன் என்ற உருவத்தை 1960-களில் பரவலாக்கியவர்களுள் முதன்மையானவர் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் மிக் ஜாகர். குழுவின் முகமாக இருத்தல், பார்வையாளருக்கும் குழுவுக்கும் இடையே பாலமாக இருத்தல் என்னும் இரண்டு கடமைகளும் அப்போதுதான் பாடகன்மீது வந்து சேர்ந்தன.

அந்தக் கடமையின் தன்மையைக் கருவிகள் தீர்மானித்தன என்பது பெரிதும் பேசப்படாத செய்தி. 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க் நகரின் ஷே விளையாட்டரங்கில் ஐம்பத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்னிலையில் பீட்டில்ஸ் பாடினர். பாடுவோர் தம் குரலைத் தாமே கேட்பதற்கான ஒலிபெருக்கிகள் மேடையில் வைக்கப்படும் வழக்கம் அன்று இல்லை. ரசிகர்களின் கூச்சலில் அவர்கள் பாடியது அவர்களுக்கே கேட்கவில்லை. அதே ஆண்டில்தான் இங்கிலாந்தில் தி ஹூ குழுவினரின் வேண்டுகோளுக்கிணங்க ஜிம் மார்ஷல் நூறு வாட் திறனுள்ள கிட்டார் ஒலிபெருக்கிகளை உருவாக்கினார். கிட்டாரின் ஓசை மலைபோல் வளர்ந்துவிட்ட மேடையில் மென்குரலுக்கு இடமில்லாது போயிற்று. அந்த ஓசைக்கு மேலே எழுந்து நிற்கும் உச்சத்தாயிக் குரல்கள் தேவைப்பட்டன. 1968-இல் தொடங்கிய லெட் ஸெப்பலினில் பிளான்ட்டின் குரலும், 1970-இல் வெளியான டீப் பர்ப்பிள் குழுவின் 'இன் ராக்' இசைத்தட்டில் இயன் கில்லனின் ஓலமும் இந்தச் சூழலில் பொருந்தியவை. நாம் மேதைமை என்று வியப்பதில் ஒரு பகுதி, மின்சாரத்துக்கு மனிதத் தொண்டை சொன்ன மறுமொழி எனலாம்.

சரி, ஒரு குழுவுக்குள் பாடகரின் எடையை எப்படி அறிவது? வரலாறே நமக்குச் சில சோதனைகளை நடத்திக் காட்டியிருக்கிறது. பாடகர் இல்லாமற்போனபின் அக்குழு என்னவாயிற்று என்று பார்ப்பதே அச்சோதனை.

1971 ஜூலை 3 அன்று ஜிம் மாரிஸன் பாரிஸில் இறந்தார். எஞ்சிய மூவரும் தாமே பாடி இரண்டு இசைத்தட்டுகளை வெளியிட்டனர். எனினும் 1973-இல் தி டோர்ஸ் கலைந்தது. 1980 மே மாதம் ஜாய் டிவிஷன் குழுவின் இயன் கர்டிஸ் தமது 23-ஆம் வயதில் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். மற்றவர்கள் அந்தப் பெயரையே கைவிட்டு நியூ ஆர்டர் என்ற புதுப்பெயரில், வேறொரு இசையோடு வந்தனர். பெயரைத் துறந்தது, அவரது இடத்தை நிரப்பவியலாது என்பதற்கான ஒப்புதலே.

ஆனால் எதிர்ச்சான்றுகளும் உண்டு. 1975-இல் பீட்டர் கேப்ரியல் ஜெனிஸிஸ் குழுவை விட்டு விலகினார். பலரைச் சோதித்துப் பார்த்தபின், தாளக்கருவி வாசித்துவந்த ஃபில் காலின்ஸே பாடகரானார். குழு முன்னினும் பெரும்புகழ் எய்தியது. 1980 பிப்ரவரி 19 அன்று ஏசி/டிசி குழுவின் போன் ஸ்காட் லண்டனில் இறந்தார். ஐந்தே மாதங்களில் பிரையன் ஜான்சனின் குரலோடு 'பேக் இன் பிளாக்' வெளிவந்து, உலகில் மிக அதிகமாக விற்ற இசைத்தட்டுகளுள் ஒன்றாயிற்று. இதனால் ஸ்காட் சிறியவர் ஆகிவிடுவாரா? ஆகமாட்டார். அவர் வகுத்துத் தந்த இடம் அவ்வளவு தெளிவாக இருந்ததால்தான் மற்றொருவரால் அதில் நிற்க முடிந்தது என்றும் வாதிடலாம்.

இன்னுமொரு சான்று சோதனையையே தலைகீழாக்குகிறது. 1980 செப்டம்பர் 25 அன்று லெட் ஸெப்பலினில் இறந்தவர் பாடகர் அல்லர். டிரம்ஸ் வாசித்த ஜான் பான்ஹம். பிளான்ட்டுக்கு அப்போது வயது 32; குரலும் இருந்தது, ரசிகர்களும் இருந்தனர். ஆயினும் அந்த டிசம்பரில் குழு கலைந்துவிட்டதாக அறிவித்தனர். ஆகவே இச்சோதனை ஒரு பாடகர் எவ்வளவு இன்றியமையாதவர் என்பதைக் காட்டுமேயன்றி, எவ்வளவு உயர்ந்தவர் என்பதை முழுதும் காட்டாது.

இச்சோதனையில் மறைந்திருக்கும் மற்றொரு ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். மரணத்தை நாம் தகுதியாகக் கணக்கிடத் தொடங்கிவிடுகிறோம். ஜானிஸ் ஜாப்ளின், ஜிம் மாரிஸன், கர்ட் கோபைன் மூவரும் 27 வயதில் இறந்தவர்கள். அவர்களது தேய்பிறையை நாம் காணவே இல்லை. எண்பது வயதைக் கடந்தபின்னும் 2024-இல் இசைப்பயணம் சென்று பாடிய ஜாகரின் உழைப்பு, அந்த ஒளிவட்டத்தின்முன் சாதாரணமாகத் தோன்றிவிடுகிறது. போதைக்கும் நோய்க்கும் பலியான இளைஞர்களின் முடிவை அவர்களது கலையின் உச்சமாகக் கருதுவது ரசனையன்று, ஒருவகைக் கொடூரம்.

அடுத்த அளவுகோல் கடன். ராக் குழுக்களின் பட்டியலில் வெள்ளை ஆடவர்களே நிரம்பி வழிகின்றனர். அவர்கள் பாடக் கற்றுக்கொண்டதோ ப்ளூஸ் மரபின் கறுப்பினக் கலைஞர்களிடம். ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற பெயரே மட்டி வாட்டர்ஸின் பாடலொன்றிலிருந்து எடுத்ததுதான். அக்குழு 1969-இல் வெளியிட்ட 'கிம்மி ஷெல்டர்' பாடலைக் கேட்டவர் எவரும் அதில் மெர்ரி கிளேட்டனின் குரல் உச்சத்தில் உடைந்து சிதறும் கணத்தை மறக்கமாட்டார். ஆனால் அவர் குழுவின் உறுப்பினரல்லர். எனவே தலைமைப் பாடகர் பட்டியலில் அவருக்கு இடமே இல்லை. வரையறைகூட ஒரு வேலிதான் என்பது இதனால் விளங்கும்.

இந்தக் கடனை உணர்ந்திருந்தவர் ஜாப்ளின். 1967 ஜூனில் மான்டரே இசைவிழாவில் அவர் புகழடைந்தது பிக் மாமா தார்ன்டனின் 'பால் அண்ட் செயின்' பாடலைப் பாடித்தான். ப்ளூஸ் அரசி பெஸ்ஸி ஸ்மித் 1937-இல் இறந்தவர். அவரது கல்லறை முப்பதாண்டுகளுக்கும் மேலாகப் பெயர்க்கல் இன்றிக் கிடந்தது. 1970 ஆகஸ்டில் அதற்குக் கல் நாட்டப்பட்டபோது செலவை ஏற்றுக்கொண்டவர்களுள் ஒருவர் ஜாப்ளின். அடுத்த இரண்டே மாதங்களுக்குள் அவரும் மறைந்தார். அவரது குரல் எல்லா இடங்களிலும் சுத்தமானதன்று. ஆனால் தன் முன்னோரை அறிந்த குரல்.

இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்க்கையில், என் தேர்வு ஃப்ரெடி மெர்க்குரிதான். 1946 செப்டம்பர் 5 அன்று சான்சிபாரில் பார்சி குடும்பமொன்றில் ஃபரூக் பல்சாராவாகப் பிறந்து, மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனியில் விடுதிப் பள்ளியில் பயின்று, 1964-இல் குடும்பத்தோடு இங்கிலாந்து சென்றவர் அவர். குரலின் விரிவைப் பற்றி எத்தனையோ கட்டுக்கதைகள் உலவுகின்றன. 2016-இல் வெளியான ஓர் ஒலியியல் ஆய்வு, அவரது பேச்சுக்குரல் பாரிடோன் எனப்படும் இடைநிலை ஆண்குரலைச் சார்ந்தது என்றும், நான்கு ஸ்தாயி விரிவு என்ற புகழுரையைத் தம் தரவுகளால் உறுதிசெய்ய இயலவில்லை என்றும் கூறியது. அவரது குரலதிர்வு வழக்கமான பாடகர்களுடையதைவிட விரைவானது, வினாடிக்கு ஏறத்தாழ ஏழு என்றும் அது கண்டது. அதாவது, இயற்கை தந்த தாழ்ந்த குரலை முயற்சியால் உச்சத்துக்கு உயர்த்திக்கொண்டவர் அவர். கட்டுக்கதையைக் காட்டிலும் இந்த உண்மையே எனக்கு மதிப்புமிக்கதாகப் படுகிறது.

1985 ஜூலை 13 அன்று வெம்ப்ளி அரங்கில் நடந்த லைவ் எய்ட் நிகழ்ச்சியில் குவீன் குழுவுக்குக் கிடைத்தது ஏறத்தாழ இருபது நிமிடங்கள். ஒரு கட்டத்தில் சொல்லும் இல்லை, பக்க இசையும் இல்லை. மெர்க்குரி வெறும் ஓசைகளை எறிய, எழுபதாயிரம் பேர் அவற்றை அப்படியே திருப்பிப் பாடினர். ஒருவர் அழைக்கப் பலர் மறுமொழி பாடும் இம்முறை, ஆப்பிரிக்க அமெரிக்கரின் தேவாலயங்களிலும் வயல்வெளிகளிலும் வளர்ந்து ப்ளூஸ் வழியாக ராக் இசைக்கு வந்து சேர்ந்தது. பழங்கடனை அத்தனை பேர் முன்னிலையில் வாழவைத்த கணம் அது.

1991 மே மாதம், நோய் முற்றிய நிலையில், 'மதர் லவ்' என்ற பாடலுக்காக அவர் இறுதியாகப் பாடினார். கடைசிப் பத்தியைப் பாட அவரால் திரும்பிவர இயலவில்லை. கிட்டார் கலைஞர் பிரையன் மே அதைப் பாடி முடித்தார். அவ்வாண்டு நவம்பர் 24 அன்று மெர்க்குரி மறைந்தார். பின்னர் பால் ராட்ஜர்ஸும், அவருக்குப்பின் ஆடம் லாம்பர்ட்டும் அக்குழுவோடு பாடினர். ஆனால் அவர்கள் பெயர் ஒரு கூட்டல் குறிக்குப் பின்னரே எழுதப்பட்டது: குவீன் + பால் ராட்ஜர்ஸ், குவீன் + ஆடம் லாம்பர்ட். எந்தப் பட்டியலின் எந்த எண்ணைவிடவும் அந்தச் சின்னஞ்சிறு குறி தெளிவாகப் பேசுகிறது. காலியான இடத்தை மூடி மறைக்காமல், அதன் அருகில் மற்றொருவருக்கு மரியாதையோடு இடந்தருவது அது.

வாசகர்க்கு வேறு தேர்வுகள் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். வரிசை எண்ணை எழுதுமுன் மூன்று வினாக்களை மட்டும் கேட்டுக்கொள்வது நல்லது. இக்குரல் தன் குழுவோடு சேர்ந்து என்ன செய்தது? யாரிடமிருந்து கற்றது? அதன் உடைமையாளர் இன்னும் நாற்பதாண்டுகள் வாழ்ந்திருந்தாலும் நாம் அவரை இவ்வளவு வியந்திருப்போமா?