பாவமும் குற்றமும்: ஒரு தாயின் கேள்வியும் ஒரு சட்டத்தின் வரலாறும்

சாந்தோம் பேராலயத்தைக் கடந்து வடக்கு நோக்கிக் கடலோரமாக நடப்போர்க்குக் கலங்கரை விளக்கத்தை எட்டுமுன் எதிர்ப்படுவது நொச்சிக்குப்பம். ஒருபுறம் வலையும் படகும். மறுபுறம் அடுக்குமாடிக் குடியிருப்புகள். இடையே லூப் சாலையோரம் மீன் விற்கும் பெண்கள். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை புகுந்த குப்பங்களுள் இதுவும் ஒன்று. இளங்குருவாய் இருந்த நாள்களில் இக்குப்பத்துக் குடும்பங்களை அடிக்கடி சந்தித்து வந்தேன்.

பேரலைக்கு அடுத்த ஆண்டு, மீன் விற்றுப் பிழைக்கும் தாய் ஒருவர் என்னிடம் வந்தார். அவருடைய மகனுக்குப் பெண்கள்மீது நாட்டமில்லை, ஆண்கள்மீதே ஈர்ப்பு. அதைத் தாயிடம் அழுதுகொண்டே சொல்லியிருக்கிறான். அவர் அவனை ஏதோ ஒரு செபக்கூட்டத்திற்கு அழைத்துச் சென்று மூன்று நாள் பட்டினி போட்டிருக்கிறார். பயனில்லை. இறுதியாக என்னிடம் வந்தார். நான் சற்றும் சிந்தியாமல், “ஒரு கால்கட்டுப் போட்டுவிடுங்கள் அம்மா, எல்லாம் சரியாகிவிடும்” என்றேன். அத்திருமணத்தை ஆசீர்வதித்தவனும் நானே. ஓராண்டுக்குள் அந்தப் பெண் தாய்வீடு திரும்பினாள். மகன் ஊரைவிட்டே போய்விட்டான்.

2018-ஆம் ஆண்டு செப்டம்பரில் தொலைக்காட்சிச் செய்தியைப் பார்த்துவிட்டு அதே தாய் என்னைத் தேடி வந்தார். “சட்டத்துல இது குத்தமில்லேன்னு சொல்லிட்டாங்களாமே ஃபாதர்! நம்ம கோயில்ல என்னா சொல்றாங்க?” என்று கேட்டார். உடனே விடை கூற என்னால் இயலவில்லை. அவருக்காகத் தேடிப் படித்தவற்றின் சுருக்கமே இக்கட்டுரை.

சட்டம் பிறந்த கதை

தன்பாலின உறவைத் தண்டிக்கும் சட்டம் நம் மண்ணின் பழைய மரபு என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. இங்கிலாந்தில் இத்தகைய ஒழுக்கக் குற்றங்களை முதலில் விசாரித்தவை திருச்சபை மன்றங்களே. உரோமையோடு முரண்பட்டு நின்ற எட்டாம் ஹென்றி மன்னன் 1533-இல் இயற்றிய சட்டமே, பாவமாகக் கருதப்பட்ட இச்செயலை அரசுக்கு எதிரான குற்றமாக்கி அதற்கு மரண தண்டனையும் விதித்தது.

அச்சிந்தனையே மூன்று நூற்றாண்டுகள் கழித்துக் கப்பலேறி இந்தியா வந்தது. மெக்காலே தலைமையில் வரைவு பெற்று, 1860-இல் நிறைவேறி, 1862 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு, இயற்கை ஒழுங்குக்கு மாறான உடலுறவுக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்க வழி செய்தது. 1871-இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டமோ, வடநாட்டில் திருநங்கையர் போன்றோரைப் பதிவேட்டில் எழுதிக் கண்காணிக்கவும் இடமளித்தது. இலங்கையிலும் 1883-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் இதே வழியைப் பின்பற்றியது.

நம் பழைய இலக்கணங்களோ இத்தகையோரை மறைக்கவில்லை. தொல்காப்பியம் ஆண்மை திரிந்தோரை உயர்திணைக்குள் வைத்தே அவர்களைக் குறிக்கும் சொற்கள் எவ்வாறு முடியும் என்று விதி கூறுகிறது. பழந்தமிழ்ச் சமூகம் அவர்களை மதித்துப் போற்றியது என்று இதைக் கொண்டு முடிவு கட்டிவிட இயலாது. ஆயினும் அவர்களை மாந்தராக எண்ணியது என்ற அளவு உறுதி.

நம் பக்கத்துக் குறையையும் மறைக்கலாகாது. அரசன் சட்டம் இயற்றினான் என்று சொல்லித் திருச்சபை கைகழுவிவிட முடியாது. போர்த்துக்கல் நாட்டில் சமய விசாரணை மன்றங்கள் இதே காரணத்திற்காக மனிதரைச் சிறையிட்டதும் தண்டனைக்கு ஒப்படைத்ததும் பதிவான வரலாறு. சாந்தோமில் ஆலயம் எழுப்பியவர்களும் அந்நாட்டவரே என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

நீதிமன்ற வாயிலில் சமயங்கள்

2009 ஜூன் 28 அன்று நமது மெரினாக் கடற்கரையில், சென்னையின் பாலினச் சிறுபான்மையினர் முதன்முறையாகப் பெருமைப் பேரணி நடத்தினர். நான்கு நாள் கழித்து ஜூலை 2 அன்று, நாஸ் அறக்கட்டளை தொடுத்த வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம், வயதுவந்தோர் தனிமையில் ஒருவரையொருவர் இசைந்து கொள்ளும் உறவு குற்றமாகாது எனத் தீர்ப்பளித்தது. நீதியரசர்கள் ஏ.பி. ஷாவும் எஸ். முரளிதரும் அத்தீர்ப்பை வழங்கினர்.

அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றோரின் பட்டியல் வியப்பூட்டுவது. சுரேஷ் குமார் கௌசல் என்னும் சோதிடர், அகில இந்திய முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியம், தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகம், சனாதன தர்மத்தின் பெயரால் இயங்கிய அமைப்பு, அப்போஸ்தலத் திருச்சபைகளின் கூட்டணி, உத்கல் கிறிஸ்தவ மன்றம் என எல்லாச் சமயத்தாரும் அதில் இருந்தனர். வேறெதிலும் ஒன்றுசேராதோர் இந்த ஒன்றில் ஒரே வரிசையில் நின்றனர். ஏழைக்குக் குடியிருக்க இடம் வேண்டும் என்பதற்கோ, சாதிக்கொடுமை ஒழியவேண்டும் என்பதற்கோ இப்படி எல்லாச் சமயத்தாரும் நீதிமன்றப் படியேறியது உண்டா என்று என் மனம் கேட்கிறது.

2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தில்லித் தீர்ப்பை நீக்கி, 377-ஆம் பிரிவுக்கு மீண்டும் உயிரூட்டியது. ஐந்து நீதியரசர்கள் அமர்வு 2018 செப்டம்பர் 6 அன்று அதையும் மாற்றி, இசைவோடு கூடிய உறவு குற்றமல்ல என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. இவர்களுக்கும் இவர்கள் குடும்பத்தாருக்கும் வரலாறு மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டுள்ளது என்ற கருத்தை நீதியரசர் இந்து மல்ஹோத்ரா தம் தீர்ப்பில் பதிவு செய்தார். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் 377-ஐ ஒத்த பிரிவே இல்லை.

திருச்சபை பேசியது

மேற்கண்ட மேல்முறையீட்டாளர் பட்டியலில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையின் பெயர் இல்லை. மாறாக, 2013 தீர்ப்பு வந்தபோது பேரவைத் தலைவராய் இருந்த கர்தினால் ஆஸ்வால்டு கிராசியாஸ், ஒருபாலினத் திருமணத்தைத் திருச்சபை ஏற்பதில்லை எனினும், இவர்களைக் குற்றவாளிகளாக அது ஒருபோதும் கருதியதில்லை என்ற பொருளில் கருத்துரைத்தார். ‘ஒருபோதும்’ என்பதை நாம் மேலே கண்ட வரலாறு முற்றும் ஏற்காது. ஆயினும் அன்று அவ்வாறு பேசத் துணிவு வேண்டியிருந்தது.

அவர் சொன்னது புதுமையும் அன்று. இங்கிலாந்தில் வுல்ஃபெண்டன் குழு இதே சட்டத்தை ஆராய்ந்தபோது, வெஸ்ட்மின்ஸ்டர் பேராயர் கர்தினால் கிரிஃபின் அமைத்த கத்தோலிக்க ஆலோசனைக் குழு, வயதுவந்தோர் தனிமையில் இசைந்து செய்வதைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கலாம் எனப் பரிந்துரைத்தது. 1956-இல் அவ்வறிக்கை வெளியானது. அதற்கு 11 ஆண்டுகள் கழித்தே, 1967-இல், அந்நாட்டுப் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. குருமடத்தில் நாம் பயிலும் புனித தோமா அக்குவினாரின் கருத்தும் இதற்கு அரணாகிறது: மனிதச் சட்டம் எல்லாத் தீமைகளையும் தண்டிக்கப் புகலாகாது, பிறருக்குத் தீங்கு விளைத்துச் சமூக வாழ்வைக் குலைப்பனவற்றையே முதன்மையாகத் தடுக்க வேண்டும். பாவம் வேறு, குற்றம் வேறு என்னும் பிரிவினை இதில் அடங்கியிருக்கிறது.

1986-இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் ஆயர்களுக்கு எழுதிய மடல், இவர்கள்மேல் ஏவப்படும் வன்சொல்லையும் வன்செயலையும் கண்டித்தது. 1992-இல் வெளியான மறைக்கல்வி நூல், இச்செயல்கள் ஒழுங்கிற்கு மாறானவை என்று போதிக்கும் அதே பகுதியில், இவர்களை மதிப்போடும் பரிவோடும் ஏற்க வேண்டும், நீதியற்ற பாகுபாடு கூடாது என்றும் பணிக்கிறது. இவற்றுள் முதற்பகுதியை மட்டும் நாம் மேடைகளில் உரக்கச் சொல்கிறோம். இரண்டாம் பகுதியை எத்தனை மறையுரைகளில் கேட்டிருக்கிறோம்?

2008 டிசம்பரில் ஐ.நா. அவையில் திருப்பீடம் ஒரு வேறுபாட்டோடு நின்றது. பிரான்சு முன்னின்று கொணர்ந்த அறிக்கையின் சொல்லாட்சியை அது ஏற்கவில்லை; எனினும் தன்பாலின ஈர்ப்பு கொண்டோர்க்கான தண்டனைகளை நாடுகள் நீக்க வேண்டும் எனக் கேட்டுக்கொண்டது. 2023 சனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ், இவ்வாறு இருப்பது குற்றமன்று என வெளிப்படையாகக் கூறினார். இத்தகைய சட்டங்களை ஆதரிக்கும் ஆயர்கள் மனமாற்றம் பெறவேண்டும் என்றார்.

திருமணம் என்னும் கேள்வி

குற்றமில்லை என்பதோடு கேள்வி முடியவில்லை. ஒருபாலினத் திருமணத்திற்குச் சட்ட ஏற்பு கோரிய வழக்கை உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் விசாரிக்கத் தொடங்கியது. ஜமியத் உலமா-இ-ஹிந்த் எதிர்த்து வழக்கில் நுழைந்தது. சீரோ மலபார் திருச்சபை தன் எதிர்ப்பை நடுவண் அரசுக்குத் தெரிவித்தது. 2023 அக்டோபர் 17 அன்று ஐந்து நீதியரசர்களும் திருமணம் அடிப்படை உரிமையன்று என்பதில் ஒன்றுபட்டனர். இத்தகைய இணைகளுக்குத் திருமணமல்லாத வேறோர் ஏற்பேனும் உண்டா என்பதில் மூவர் மறுத்தனர், இருவர் இசைந்தனர். சீராய்வு மனுக்களும் 2025 சனவரியில் தள்ளுபடியாயின.

இதில் திருச்சபையின் நிலை தெளிவானது. அதை நான் மூடி மறைக்க விரும்பவில்லை. ஆணும் பெண்ணும் இணைந்து உயிரை வரவேற்கும் உடன்படிக்கையே திருமணம் என்னும் திருவருட்சாதனம். ஒருபாலின இணைவுக்கு அரசு சட்ட ஏற்பு வழங்குவதைக் கத்தோலிக்கர் எதிர்க்க வேண்டும் என்றே 2003-ஆம் ஆண்டுப் பேராய ஏடு கூறுகிறது. 2023 டிசம்பர் 18 அன்று வெளியான ஏடு, இத்தகைய இணைகளுக்கு வழிபாட்டுச் சடங்கின்றி எளிய ஆசீர் வழங்க இடமளித்தபோதும், திருமணம் பற்றிய போதனையை மாற்றவில்லை.

ஆயினும் பொதுநிலையினர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். மணமுறிவைத் திருச்சபை ஏற்பதில்லை. இந்திய அரசோ 1869-இலேயே கிறிஸ்தவர்க்கு மணமுறிவுச் சட்டம் இயற்றி, 2001-இல் அதை மேலும் எளிதாக்கியது. அதனால் நம் திருவருட்சாதனம் அழிந்துவிடவில்லை. நாட்டின் சட்டமும் நம் விசுவாசமும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை என்பதை நாம் ஏற்கெனவே வாழ்ந்து காட்டிவருகிறோம்.

மேலும், திருமணம் அல்லாத உரிமைகள் பல உள்ளன. 2024 ஆகஸ்டில் நடுவண் அரசு, இத்தகைய இணைகள் கூட்டு வங்கிக் கணக்குத் தொடங்கவும், ஒருவர் மற்றவரை நியமனதாரராகக் குறிக்கவும் தடையில்லை எனத் தெளிவுபடுத்தியது. நெருங்கிய உறவினர் இல்லாதபோது இறந்தவரின் உடலைத் துணைவர் பெறலாம் எனவும் மாநிலங்களுக்கு எழுதியது. உடலைப் பெற்று அடக்கம் செய்யும் உரிமையைக்கூட ஒருவருக்கு மறுப்பதால் எந்தத் திருமணம் காக்கப்படும்?

தமிழகம் இதில் முன்னே நடந்திருக்கிறது. 2008 ஏப்ரலில் திருநங்கையர்க்கு நல வாரியம் அமைந்தது. 2019-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, திருநங்கையும் இந்துத் திருமணச் சட்டத்தின்படி மணமகளே எனத் தீர்ப்புரைத்தது. 2021-இல் மதுரையிலிருந்து சென்னைக்குத் தப்பி வந்த இரு பெண்களின் வழக்கை விசாரித்த நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ், தமக்கு இதில் முன்முடிவுகள் உண்டு என ஒப்புக்கொண்டார். மனநல வல்லுநரிடம் தாமே சென்று கற்றார். பின்னரே தீர்ப்பு எழுதினார். இவர்களை ‘மாற்றுவதாக’ச் சொல்லும் சிகிச்சைகளைத் தடுக்க அவர் உத்தரவிட்டார். நீதிபதி மாணவரானார். குருக்களாகிய நாங்கள் அத்தகைய தாழ்ச்சியை இன்னும் கற்கவில்லையோ எனத் தோன்றுகிறது.

மீண்டும் நொச்சிக்குப்பம்

இவற்றையெல்லாம் படித்த பின்னரே என் பிழை எனக்கு முழுமையாக விளங்கிற்று. திருமணத்தைக் காப்பதாக எண்ணிக்கொண்டே நான் திருமணத்தைக் கெடுத்தேன். முழுமனத்தோடு தரப்படாத சம்மதம் சம்மதமே அன்று என்றும், மணவாழ்வின் கடமைகளை ஏற்க இயலாதவரின் திருமணம் செல்லாது என்றும் திருச்சபைச் சட்டமே சொல்கிறது. அதைப் பயின்ற நான், ஓர் அருட்சாதனத்தை மருந்தாக்கி, ஏதுமறியாத ஒரு பெண்ணின் வாழ்வில் அதைச் சோதித்துப் பார்த்தேன். அவளை அன்று நான் நினைக்கவே இல்லை. நாம் இவ்விவாதத்தில் நினைக்க மறப்பது பெரும்பாலும் அவளைப் போன்றோரைத்தான். ‘கால்கட்டு’ என்னும் அறிவுரை எந்த நீதிமன்றத் தீர்ப்பையும்விட அதிகமாகத் திருமணங்களைச் சிதைத்திருக்கிறது.

ஆகவே பெற்றோர்க்கு ஒன்று சொல்வேன். உங்கள் பிள்ளை இவ்வாறு வந்து நின்றால், பேயோட்டச் செல்லாதீர்கள். பெண் தேடவும் செல்லாதீர்கள். முதலில் அமர்ந்து கேளுங்கள். பங்குமக்களுக்கும் ஒன்று சொல்வேன். திருச்சபையின் போதனையை உரைப்பதற்கு ஏளனச் சொல் தேவையில்லை. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் முன் நம் ஆண்டவர் போதனையைக் கைவிடவில்லை; ஆனால் முதலில் கற்களைக் கீழே போடச் செய்தார். அந்த வரிசையை நாம் மாற்றிவிடலாகாது. எத்தியோப்பிய அண்ணகர், தாம் திருமுழுக்குப் பெறத் தடை உண்டா என்று வினவியபோது பிலிப்பு சட்டநூலைப் புரட்டவில்லை. அவரோடு தண்ணீரில் இறங்கினார்.

அந்தத் தாயைப் பின்னர் லூப் சாலையில் கண்டேன். கூடையருகே அமர்ந்து, நான் அறிந்தவற்றை அவருக்குப் புரியும் வகையில் சொன்னேன். அவருடைய மகன் குற்றவாளியல்லன் என்றேன். திருமணம் பற்றித் திருச்சபை கொண்டுள்ள போதனை மாறவில்லை என்றும் சொன்னேன். பிறகு, அன்று நான் தந்த அறிவுரை தவறு. அதற்காக அவரிடமும், அவர் மகனிடமும், அந்தப் பெண்ணிடமும் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன்.

அவர் வெகுநேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பின், “அவன் கிறிஸ்மஸுக்கு வரலாமா ஃபாதர்? கோயில்ல யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே?” என்று கேட்டார்.

அக்கேள்விக்கு நான் மட்டும் விடையளிக்க இயலாது. கோயிலில் அவனருகே அமரப்போகிறவர்கள் நீங்கள்.