இருவருக்கிடையே உள்ள தூரம்: கைபேசியும் செயற்கைக்கோளும்

கைபேசி வைத்திருக்கும் இருவர் ஒருவருக்கொருவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்கள் என்பதைச் செயற்கைக்கோள் வழிகாட்டல் அமைப்புகளின் உதவியோடு கணிக்கும் முறை இது. ஜிபிஎஸ், ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்தோ, இந்தியாவின் நாவிக் ஆகியவை இத்தகைய அமைப்புகள். வாடகைக் கார் செயலி, குடும்பத்தாரின் இருப்பிடம் காட்டும் செயலி, துணை தேடும் செயலி எல்லாம் இதை நம்பியே ஓடுகின்றன. இதில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு: எந்தச் செயற்கைக்கோளும் இரண்டு மனிதர்களுக்கு இடையே உள்ள இடைவெளியை அளப்பதில்லை. ஒவ்வொரு கைபேசியும் தான் இருக்கும் இடத்தைத் தனியாகக் கணித்துக்கொள்கிறது. இரண்டு இடங்களும் சர்வருக்குப் போன பிறகு, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து வருவதே திரையில் தெரியும் தூரம். கிலோமீட்டர் கணக்கில் நம்பத் தகுந்த இந்த முறை, மீட்டர் கணக்குக்கு வந்தால் கைவிட்டுவிடுவதற்கு இந்தக் கழித்தல்தான் காரணம்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவை அனுப்பும் சிக்னல் எப்போது புறப்பட்டது, எப்போது வந்து சேர்ந்தது என்ற கால வித்தியாசத்திலிருந்து கைபேசி தன் இடத்தைக் கணிக்கிறது. இதற்குக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தேவை. மூன்று இடத்துக்கு, நான்காவது கைபேசியின் கடிகாரப் பிழையைத் திருத்த. ஒளி ஒரு நானோவினாடியில் சுமார் 30 சென்டிமீட்டர் கடந்துவிடும் என்பதால், காலத்தில் நேரும் மிகச் சிறிய பிழையும் மீட்டர்களாக வளரும். இடம் தெரிந்த பின், பூமியை 6,371 கிலோமீட்டர் ஆரமுள்ள கோளமாகக் கொண்டு ஹேவர்சைன் சூத்திரத்தால் தூரம் காண்பது வழக்கம். பூமி சரியான கோளம் அல்ல என்பதால் இந்தச் சூத்திரம் போதாது என்று செயலி எழுதுவோர் சிலர் விவாதிப்பதுண்டு. அது வீண் கவலை. கோளம் என்று கொள்வதால் வரும் பிழை அரை சதவீத அளவுதான். பத்து மீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர். அட்சரேகையை ஏழு தசம இலக்கம் வரை எழுதுவதும் இதே வகை. ஐந்தாம் இலக்கமே சுமார் 1.1 மீட்டரைக் குறிக்கிறது. அதற்கு அப்பால் வருபவை வெறும் அலங்காரம்.

உண்மையான சிக்கல் இடத்தைக் கணிப்பதிலேயே இருக்கிறது. திறந்த வெளியில் சாதாரணக் கைபேசியின் துல்லியம் சுமார் 4.9 மீட்டர் ஆரத்துக்குள் என்று அமெரிக்க அரசின் ஜிபிஎஸ் தளம் சொல்கிறது. இதையொட்டி, கிழக்கு மேற்காகவும் வடக்கு தெற்காகவும் தலா 3 மீட்டர் திட்ட விலக்கம் என்று வைத்துக் கணக்குப் போடலாம். ஒரே மேசையின் மேல் ஒட்டி வைத்த இரண்டு கைபேசிகளின் பிழைகள் ஒன்றையொன்று சாராதவை என்றால், அவற்றுக்கிடையே திரை காட்டும் தூரத்தின் சராசரி பூஜ்யம் அல்ல, சுமார் 5.3 மீட்டர். இரண்டு மீட்டருக்குள் காட்டும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்துதான். தூரம் ஒருபோதும் எதிர்மறையாக முடியாது என்பதால், அருகில் இருப்பவர்களைப் பொறுத்தவரை பிழை எப்போதும் விலக்கிக் காட்டும் பக்கமே சாய்கிறது. அதே பிழை ஒரு கிலோமீட்டர் தூரத்தில் நாலைந்து மீட்டர் கூடுதல் குறைவாக மட்டுமே தெரியும். கார் வரக் காத்திருப்பவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. அருகருகே இருக்கும் இரண்டு கைபேசிகளும் ஒரே வானத்தைத்தான் பார்க்கின்றன. அயனி மண்டலத்தால் வரும் தாமதமும் செயற்கைக்கோள் கடிகாரப் பிழையும் இரண்டுக்கும் பொது. கழிக்கும்போது அவை அடிபட்டுப் போகாதா? போகும். நில அளவைக் கருவிகள் சென்டிமீட்டர் துல்லியம் பெறுவது இந்த வழியில்தான். ஆனால் கைபேசியின் பெரும்பிழை கட்டடச் சுவரில் பட்டுத் திரும்பி வரும் சிக்னலால் நேர்வது. செயற்கைக்கோள் அலை வலச்சுழற்சி கொண்டது. சுவரில் பட்டால் பெரும்பாலும் சுழற்சி மாறிவிடும். அளவைக் கருவியின் ஆன்டெனா அப்படி மாறியதை அடையாளம் கண்டு ஒதுக்கும். கைபேசியின் மலிவான நேர்கோட்டு ஆன்டெனாவுக்கு நேராக வந்ததும் பட்டு வந்ததும் ஒன்றுதான். ஒருவர் கைபேசி சட்டைப் பையிலும் மற்றவருடையது கைப்பைக்குள்ளும் இருந்தால், இரண்டும் பார்க்கும் செயற்கைக்கோள்களே வேறாகிவிடும். நடப்பவர்கள் என்றால் நேரமும் ஒத்திருக்க வேண்டும்: இருவரின் பதிவுகளுக்கிடையே பத்து வினாடி வித்தியாசம் இருந்தால், சாதாரண நடைக்கே 14 மீட்டர் தவறிவிடும். 2018இல் ஷாவ்மி மி 8 கைபேசியுடன் வந்த இரட்டை அலைவரிசை வசதி திறந்த வெளியில் நன்றாகவே உதவுகிறது. ஆனால் மனிதர்கள் நெருங்கி இருப்பது அதிகமும் கூரைக்குக் கீழே. அங்கே சிக்னல் நலிந்து, வைஃபையையும் செல்பேசிக் கோபுரத்தையும் வைத்துக் கைபேசி ஊகிக்கத் தொடங்கும். உயரத்தில் பிழை இன்னும் அதிகம். மேல்மாடிக்காரரும் கீழ்வீட்டுக்காரரும் ஒரே இடத்தில் நிற்பதாகக் காட்டிவிடும்.

2020இல் கொரோனா தொற்று பரவியபோது இந்த வரம்பு உலக அளவில் சோதனைக்கு வந்தது. தொற்றியவருக்கு அருகில் இருந்தவர்களைக் கண்டறிய அப்போது தேவைப்பட்டது இரண்டு மீட்டர் கணக்கு. சிங்கப்பூர் மார்ச் மாதம் வெளியிட்ட டிரேஸ்டுகெதர் செயலி இருப்பிடத்தை விட்டுவிட்டுப் புளூடூத்தை நம்பியது. இந்தியாவின் ஆரோக்ய சேது இரண்டையும் எடுத்தது. ஆனால் இருப்பிடப் பதிவு 15 நிமிட இடைவெளியில்தான். அந்த இடைவெளி யார் பக்கத்தில் நின்றார் என்று பார்க்க உதவாது, எந்தப் பகுதியில் தொற்று கூடுகிறது என்று பார்க்க உதவும். நார்வேயின் ஸ்மித்தெஸ்டாப் செயலி ஜிபிஎஸ் தரவையும் திரட்டியது. அதற்கான தேவை நிறுவப்படவில்லை என்று அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு அமைப்பு ஆட்சேபித்ததும் ஜூன் மாதம் நிறுத்தப்பட்டது. ஆப்பிளும் கூகுளும் தாம் சேர்ந்து தந்த புளூடூத் வசதியைப் பயன்படுத்தும் செயலிகள் இருப்பிடம் கேட்கவே கூடாது என்று விதித்தன. புளூடூத் மட்டும் சரியாக அளந்ததா என்று கேட்பது நியாயம். டப்ளினில் டிராம் வண்டிக்குள் நடத்திய ஆய்வில், உலோகச் சுவர்களில் பட்டுத் திரும்பிய அலைகளால் சிக்னல் வலிமைக்கும் தூரத்துக்கும் தொடர்பே தெளிவாக இல்லை. ஆனாலும் புளூடூத் இரு கருவிகளுக்கிடையே நேராகக் கடந்த ஒன்றை அளக்கிறது. அதன் குறை அளவுகோலின் குறை. இருப்பிடக் கழித்தலில் இருவருக்கிடையே அளக்கப்பட்டது என்று எதுவுமே இல்லை.

துல்லியம் இல்லாததால் தீங்கும் இல்லை என்று நினைக்க வேண்டாம். சந்தேகமான தூரமும் மூன்று இடங்களிலிருந்து கேட்டால் ஆளைக் காட்டிக்கொடுக்கும். டிண்டர் செயலி பயனர்களின் தூரத்தைத் தேவைக்கு மிஞ்சிய தசம இலக்கங்களோடு அனுப்பிவந்ததையும், மூன்று போலிக் கணக்குகளை வைத்து ஒருவர் இருக்கும் தெருவரை போய்விடலாம் என்பதையும் 2014இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். ஐந்து மீட்டர் பிழை தொற்றைக் கண்டுபிடிக்க மிகப் பெரிது. ஒரு வீட்டைக் கண்டுபிடிக்கப் போதுமான அளவு சிறிது.

அண்மைத் தூரத்துக்கு இப்போது கைபேசிகள் வேறு வழி வைத்திருக்கின்றன. 2019இல் ஐபோன் 11 உடன் வந்த அதி அகலக்கற்றை (UWB) சில்லு, ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்கு ரேடியோத் துடிப்பு போய்வரும் நேரத்தையே அளந்து சில பத்து சென்டிமீட்டருக்குள் தூரம் சொல்கிறது. 2023இன் ஐபோன் 15 இதைக் கொண்டு கூட்டத்தில் நண்பரைத் தேடித் தருகிறது. அதிலும் ஆள் எந்தப் பக்கம் என்று வரைபடத்தில் காட்டிக் கூட்டிப்போவது செயற்கைக்கோள்தான். கிட்டே வந்ததும் வரைபடம் விலகி, திசைக்குறியும் மீட்டர் கணக்கும் திரைக்கு வருகின்றன.