அண்ணாச்சியின் விண்டோஸ் 98-உம் இரட்டைக் கோரும்

2008, ஆவணி முகூர்த்தங்களுக்கு ஒரு வாரம் இருக்கும். ராத்திரி பத்து மணிக்குத் தாராவியிலிருந்து போன். அங்கே அச்சகம் வைத்திருந்த திருநெல்வேலி அண்ணாச்சி. நான் மும்பைக்கு வந்த புதிதில் எனக்கு வாடகை வீடு பார்த்துக் கொடுத்தவர்.

"தம்பி, பொட்டி போயிட்டு. கடைக்காரன் டூயல் கோர் வாங்குங்கான். அதுல நம்ம பழைய விண்டோஸ் ஓடாதாம், எல்லாத்தையும் புதுசா மாத்தணுமாம். முப்பத்தஞ்சாயிரம் ஆவுமாம். ஓடுமா ஓடாதா, அத மட்டும் சொல்லுங்க."

அவருடைய பொட்டியில் இருந்தது விண்டோஸ் 98. அதில் ஒரு பழைய தமிழ் அச்சுக்கோப்பு மென்பொருள். பிரிண்டர் சொருகும் துளையில் ஒரு பூட்டைச் செருகினால்தான் அது திறக்கும். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள். பத்து வருஷமாக அடித்த கல்யாணப் பத்திரிகைகள் எல்லாம் அதற்குள்தான். அது போனால் அந்த ஆவணி போச்சு.

"ஓடும் அண்ணாச்சி. ஆனா ஒரு கோர் சும்மா இருக்கும்" என்றேன். அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு நல்ல கதை இருக்கிறது.

இயங்குதளம் பழையதா புதியதா என்பதை வைத்து இதைச் சொல்ல முடியாது. அது எந்த வம்சத்தில் பிறந்தது என்று பார்க்க வேண்டும். மைக்ரோசாஃப்டில் அப்போது இரண்டு வம்சங்கள். ஒன்று டாஸ் வழி வந்தது: விண்டோஸ் 95, 98, கடைசியாக 2000-இல் வந்த எம்இ. இன்னொன்று என்டி. டிஜிட்டல் நிறுவனத்தில் விஎம்எஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான டேவ் கட்லரை 1988-இல் மைக்ரோசாஃப்ட் அழைத்து வந்தது. அவர் குழு அடியிலிருந்து புதிதாக எழுதிய விண்டோஸ் என்டி 3.1, 1993 ஜூலையில் வெளிவந்தது. ஒரே பொட்டியில் பல பிராசஸர்கள் இருந்தால் எல்லாவற்றுக்கும் வேலை பிரித்துக் கொடுக்க அதற்கு அன்றைக்கே தெரியும். அதற்கு ஐந்து வருஷம் கழித்து வந்த 98-க்குத் தெரியாது! தம்பிக்குத் தெரியாதது அண்ணனுக்குத் தெரிந்திருந்தது.

பிறகு ஏன் வீட்டுக்கு வீடு 98? என்டி 3.1-க்குக் குறைந்தது 12 எம்பி மெமரி வேண்டும். விண்டோஸ் 95 நாலு எம்பியில் நொண்டியாவது நடக்கும். அன்றைக்கு மெமரி விற்ற விலைக்கு அந்த வித்தியாசம் பெரிது. போதாததற்கு பழைய டாஸ் விளையாட்டுகளும் கணக்கு மென்பொருள்களும் என்டியில் மக்கர் செய்தன. இரண்டு பிராசஸர் என்பதெல்லாம் சர்வர் அறைச் சமாச்சாரம். வீட்டுப் பொட்டிக்கு அது வரும் என்று யாரும் கவலைப்படவில்லை.

ஆனால் வந்தது, வேறு வழியில்லாமல். பெண்டியம் 4-இன் வேகத்தை ஏற்ற ஏற்ற சூடும் ஏறியது. 2004 மே மாதம் அடுத்து வரவிருந்த டேஜாஸ் சில்லை இன்டெல் கைவிட்டது. அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் பெண்டியமும் ரத்து. ஒரே ஆளை வேகமாக ஓடவிட முடியாவிட்டால் இரண்டு ஆளைப் போடலாம் என்று 2005-இல் இன்டெலின் பெண்டியம் டி, ஏஎம்டியின் அத்லான் 64 எக்ஸ்2 இரண்டும் வந்தன.

அந்தப் பொட்டியில் 98-ஐப் போட்டால் என்ன நடக்கும்? கல்யாண வீட்டுக்கு இரண்டு சமையல்காரர்கள் வந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பவர் போட்டவுடன் பயாஸ் ஒருவரிடம் மட்டும் கரண்டியைக் கொடுக்கிறது. மற்றவர் திண்ணையில் காத்திருப்பார். இயங்குதளம் அவருக்கென்று ஒரு சமிக்ஞை அனுப்பினால்தான் எழுந்து வருவார். என்டி வம்சத்துக்கு அப்படிக் கூப்பிடத் தெரியும். 98-க்குத் திண்ணையில் ஒருவர் இருப்பதே தெரியாது. ஆகவே சமையல் நடக்கும், ஒரு ஆள் சமையலாக. கடைக்காரர் சொன்ன "ஓடாது" இந்தக் காரணத்துக்குப் பொருந்தாது.

எக்ஸ்பி என்டி வம்சம்தான், ஆனாலும் அதில் ஒரு சின்ன வில்லங்கம் உண்டு. நிறுவும்போதே ஒரு பிராசஸரா, பலவா என்று பார்த்து, ஹால் என்னும் அடித்தட்டு நிரலை அதற்கேற்ப எடுத்துப் போட்டுக்கொள்ளும். பழைய ஒற்றைக் கோர் பொட்டியின் ஹார்ட் டிஸ்க்கை அப்படியே புதியதில் மாட்டினால், கிளம்பினாலும் ஒரு கோரோடு நின்றுவிடலாம். இதற்காகவே எக்ஸ்பியை அழித்து மறுபடி போட்டவர்கள் ஏராளம் (நானும்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க).

இன்னொரு பயம் லைசென்ஸ். எக்ஸ்பி ஹோம் ஒரு பிராசஸருக்கு, ப்ரொஃபஷனல் இரண்டுக்கு. அப்படியானால் இரட்டைக் கோருக்கு ஹோம் போதாதா? 2004 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் தெளிவாகச் சொல்லிவிட்டது: எண்ணுவது சாக்கெட்டை, கோரை அல்ல. அதனால் நான்கு கோர் வந்தபோதும் ஹோம் நான்கையும் பயன்படுத்தியது. ஆனால் அதற்கு முந்தைய விண்டோஸ் 2000 ப்ரொஃபஷனலுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. இரண்டு என்றால் இரண்டுதான், மிச்சம் திண்ணையில்.

லினக்ஸ் 1996 ஜூனில், 2.0 பதிப்பிலேயே பல பிராசஸர்களை ஏற்றுக்கொண்டது. ஆனால் கெர்னல் முழுமைக்கும் ஒரே பெரிய பூட்டு. ஒரு பிராசஸர் உள்ளே இருந்தால் மற்றது வாசலில் நிற்கும். அந்தப் பூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றி, 2011-இல் 2.6.39-இல்தான் முழுதாக எறிந்தார்கள். ஏற்றுக்கொள்வது ஒன்று, நன்றாக வேலை வாங்குவது வேறு. எக்ஸ்பியும் தடுமாறியது. அத்லான் எக்ஸ்2-இல் இரண்டு கோர்களின் கடிகாரங்களும் ஒத்துப்போகாமல் விளையாட்டுகள் துள்ளிக் குதித்தன. ஏஎம்டி அதற்கென்று தனியாக ஒரு மென்பொருளே வெளியிட வேண்டியிருந்தது.

அண்ணாச்சி விஷயத்துக்கு வருகிறேன். மறுநாள் கடைக்குப் போய்ப் பார்த்தபோது உண்மைத் தடைகள் வேறாக இருந்தன. புதிய போர்டுக்கு 98-க்கான டிரைவர் கிடையாது. 512 எம்பிக்கு மேல் மெமரி போட்டால் 98 தகராறு செய்யும். எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் போர்டில் பிரிண்டர் துளையே இல்லை. பூட்டை எங்கே செருகுவது? ஆக வாங்காதே என்பது சரி, காரணம்தான் வேறு. லாமிங்டன் ரோடில் நாலு கடை ஏறி இறங்கி, பழைய பெண்டியம் 3 போர்டு ஒன்றை ஆயிரத்து இருநூறுக்குப் பிடித்தோம். பழைய டிஸ்க்கை மாட்டி, பூட்டைச் செருகியதும் தமிழ் எழுத்துகள் வந்தன. அண்ணாச்சி மானிட்டரையே தொட்டுக் கும்பிட்டார். ஆவணிப் பத்திரிகைகள் எல்லாம் நேரத்துக்குப் போயின.

தீபாவளிக்கு மகனுக்காக ஒரு இரட்டைக் கோர் பொட்டி வாங்கினார், எக்ஸ்பி ஹோமுடன். டாஸ்க் மேனேஜரில் இரண்டு கட்டம் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தேன். அன்றிரவே போன் வந்தது.

"ரெண்டு தெரியி தம்பி. ஆனா ஒண்ணு சும்மாதான் கெடக்கு."