தார்ண்டைக்கின் பூனையும் உருட்டுப் பந்தும்

கல்வி உளவியல் படித்த எல்லோருக்கும் இந்தப் பூனையைத் தெரிந்திருக்கும். "முயன்று தவறிக் கற்றல்" என்று ஒரு தலைப்பு. கீழே ஒரு கூண்டுப் படம். உள்ளே பூனை, வெளியே தட்டில் மீன். பசித்த பூனை அங்குமிங்கும் பிராண்டியது, தற்செயலாகத் தாழ்ப்பாள் விலகியது, கதவு திறந்தது, மீனைத் தின்றது, அடுத்தடுத்த முறை இன்னும் சீக்கிரமாக வெளியே வந்தது, ஆகவே விளைவு விதி. ஐந்து மதிப்பெண். எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம்.

அந்தப் பெட்டிக்கு ஒரு பின்கதை இருக்கிறது. 1898-ல் பட்டினி போட்ட பூனையை அடைத்து வைக்கப் பயன்பட்ட யோசனை, நூறு வருடம் கழித்து, வயிறு நிறைந்த வீட்டுப் பூனைக்குப் பொழுது போக வேண்டுமே என்று காசு கொடுத்து வாங்கும் சாமான் ஆகியிருக்கிறது. இப்போது செல்லப்பிராணிக் கடைகளில் விற்கிறார்களே, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து? உள்ளே உலர் தீவனத்தைப் போட்டு வைத்தால், பூனை காலால் உருட்ட உருட்ட ஒவ்வொரு மணியாக வெளியே விழும். புதிர்த் தட்டு, உணவுப் புதிர் என்று இதில் பல வகை. அன்று புதிருக்குள் பூனை இருந்தது, இன்று புதிருக்குள் சாப்பாடு இருக்கிறது. நடுவில் என்ன நடந்தது என்பதுதான் கதை.

முதலில் தார்ண்டைக். அமெரிக்காவில் ஹார்வர்டில் வில்லியம் ஜேம்ஸிடம் படித்துக்கொண்டிருந்தபோது அவர் கோழிக்குஞ்சுகளை வைத்துச் சோதனை செய்தார். குடியிருந்த வீட்டுக்காரம்மா குஞ்சுகளை வைத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லிவிட, ஜேம்ஸ் தன் வீட்டு நிலவறையிலேயே இடம் கொடுத்தார். (மாணவனின் கோழிக்குஞ்சுகளுக்குத் தன் வீட்டில் இடம் கொடுக்கும் பேராசிரியர்! நமக்கு வாய்க்குமா?) பிறகு நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போய், அங்கே ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் பூனைகளோடும் நாய்களோடும் வேலையைத் தொடர்ந்தார்.

அப்போது விலங்குகளின் அறிவு பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1882-ல் ஜார்ஜ் ரோமனேஸ் எழுதிய புத்தகத்தில், அவருடைய வண்டிக்காரரின் பூனை தாவித் தாழ்ப்பாளை அழுத்திக் கதவைத் திறந்த கதை வருகிறது. பூனை யோசித்துத்தான் இதைச் செய்தது என்பது ரோமனேஸின் முடிவு. தார்ண்டைக்குக் கோபமே இதில்தான். கெட்டிக்காரப் பூனையைப் பற்றி எல்லோரும் எழுதுகிறீர்கள், முட்டாள்தனம் செய்த பூனையைப் பற்றி ஒருவரும் எழுதுவதில்லையே என்பது அவர் வாதம். நியாயமான கேள்விதான். அதனால் தாழ்ப்பாள் கதையையே எடுத்துச் சோதனையாக்கினார். 20 அங்குல நீளம், 15 அங்குல அகலம், 12 அங்குல உயரத்தில் மரச்சட்டப் பெட்டிகள். ஒன்றில் கம்பி வளையத்தை இழுக்க வேண்டும், ஒன்றில் பலகையை மிதிக்க வேண்டும், இன்னொன்றில் மூன்று வேலைகளைச் செய்தால்தான் கதவு திறக்கும்.

12-ஆம் எண் பூனை முதல் தடவை வெளியே வர 160 விநாடி எடுத்துக்கொண்டது. அடுத்த முறை 30. அதற்கடுத்த முறை 90! இருபது தடவைக்கு மேல் ஆனபிறகு 6, 7 விநாடிக்கு இறங்கிவிட்டது. "ஆகா, புரிந்துவிட்டது" என்று பூனைக்கு ஒரு கணத்தில் விளங்கியிருந்தால் வரைகோடு சட்டென்று விழுந்து அங்கேயே நின்றிருக்க வேண்டும். அது ஏறி இறங்கி, நிதானமாகத்தான் சரிந்தது. ஆகவே பூனை யோசிக்கவில்லை, பலன் கொடுத்த அசைவு மெல்ல மெல்லப் பதிந்துபோகிறது என்றார் தார்ண்டைக். பாடப்புத்தகம் இங்கே முடிந்துவிடுகிறது.

பாடப்புத்தகத்தில் வராத ஆள் ஒருவர் உண்டு. கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெஸ்லி மில்ஸ். 1899-லேயே அவர் கடுமையாக எழுதினார். பட்டினி போட்டு, பயமுறுத்தும் சின்னப் பெட்டிக்குள் அடைத்துவிட்டு, அது தவிப்பதைப் பார்த்து அதன் அறிவை அளக்கிறீர்களா? உயிரோடிருக்கும் மனிதனைச் சவப்பெட்டியில் வைத்துப் புதைத்துவிட்டு, அவன் நடந்துகொள்வதை வைத்து மனித மனத்தின் இயல்பைச் சொல்வது போலல்லவா இது என்று கேட்டார். தார்ண்டைக்கும் அதே ஆண்டு சூடாகவே பதில் எழுதினார். வரலாற்றில் ஜெயித்தவர் தார்ண்டைக். எண்கள் அவரிடம் இருந்தன, மில்ஸிடம் ஒரு நல்ல கேள்விதான் இருந்தது.

அந்தக் கேள்வி எவ்வளவு நல்ல கேள்வி என்று தெரிய 80 வருடம் ஆயிற்று. இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடித்தது, கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். 1946-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் எட்வின் கத்ரியும் ஹார்ட்டனும் புதிர்ப் பெட்டிப் பூனைகள் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். அவர்கள் பெட்டியில் தாழ்ப்பாள் கிடையாது. நடுவில் ஒரு மெல்லிய கம்பம். எந்தப் பக்கம் லேசாகச் சாய்ந்தாலும் கதவு திறக்கும், ஒரு புகைப்படமும் பதிவாகும். இப்படி சுமார் 800 தடவை பூனைகள் வெளியே வந்ததைக் கவனித்தார்கள். பெரும்பாலான பூனைகள் ஒரே மாதிரி, கம்பத்தில் உடம்பையும் தலையையும் தேய்த்துக்கொண்டு போய் அதைச் சாய்த்தன. ஒரே பூனை தடவைக்குத் தடவை அச்சு மாறாமல் அதே அசைவைச் செய்தது. கத்ரிக்கு மகிழ்ச்சி. கதவு திறக்கும் கணத்தில் எந்த அசைவு இருந்ததோ அது அப்படியே ஒட்டிக்கொள்கிறது என்ற அவருடைய கொள்கைக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

1979-ல் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தின் மூர், ஸ்டட்டார்டு இருவரும் 'சயன்ஸ்' இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். அதே மாதிரி கம்பம் வைத்தார்கள். ஆனால் கதவும் திறக்காது, மீனும் கிடையாது. பூனைகள் அப்போதும் கம்பத்தில் தேய்த்தன. ஒரே ஒரு நிபந்தனை, எதிரே மனிதர் யாராவது கண்ணில் பட வேண்டும். ஆள் இல்லையென்றால் தேய்ப்பதும் இல்லை.

பூனை வளர்த்தவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். வாசலில் நம்மைக் கண்டதும் காலைச் சுற்றி உரசுமே, அதேதான். கால் எட்டாவிட்டால் பக்கத்தில் இருக்கும் நாற்காலிக் காலில் உரசும். கண்ணாடிக்கு அந்தப்புறம் கத்ரி உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருக்க, அவருடைய பூனைகள் அவருக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்திருக்கின்றன :-) அதைக் கற்றல் என்று ஒரு புத்தகமே எழுதியாயிற்று.

இது சும்மா சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக எனக்குப் படவில்லை. பூனை எதற்காக ஒன்றைச் செய்கிறது என்று நாம் நினைக்கிறோமோ அதற்காகத்தான் அது செய்கிறது என்று நம்பிவிடுவது எவ்வளவு எளிது! புதிர்த் தட்டுக்கு வரும்போது இந்தச் சந்தேகம் மறுபடி தேவைப்படும்.

இப்போது ஆய்வகத்தை விட்டு வீட்டுக்கு வருவோம். பூனை முழுநேரமும் வீட்டுக்குள் வாழ்வது பழைய வழக்கமல்ல. நம் ஊர்ப் பூனைக்கு மதில் உண்டு, ஓட்டுக்கூரை உண்டு, பக்கத்து வீட்டு அடுப்படி உண்டு. மேல்நாட்டிலும் அப்படித்தான் இருந்தது. உள்ளேயே வைத்துக்கொள்ளப் பெரிய தடை, கழிப்பிடம். சாம்பலோ மணலோ போட்டுச் சமாளித்தார்கள், வீடு நாறியது. 1947 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட்வர்டு லோ என்பவரிடம் அண்டை வீட்டுப் பெண்மணி ஒருவர் பூனைக்காக மணல் கேட்டு வந்தார். பனியில் மணல் உறைந்து கிடந்ததால், தொழிற்சாலைத் தரையில் சிந்தும் எண்ணெயை உறிஞ்ச வைத்திருந்த களிமண்ணைக் கொடுத்தார் லோ. (நம்மவர்கள் முகத்தில் பூசும் முல்தானி மட்டிக்குச் சொந்தக்காரமண்தான் அது.) அது ஈரத்தையும் நாற்றத்தையும் உறிஞ்சிவிட்டது. 5 பவுண்டுப் பை 65 சென்ட் என்று விற்க ஆரம்பித்தார். மண்ணை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று கடைக்காரர் சிரித்தாராம். பிறகு அது பெரிய வியாபாரமானது.

காரில் அடிபடாமல், நாய் கடிக்காமல், தொற்று ஒட்டாமல் பூனை நீண்ட நாள் வாழ முடிந்தது. பறவைகளும் தப்பின. ஆனால் பூனையின் நாள் என்பது வேட்டையால் ஆனது. ஒரு சுண்டெலியில் ஏறக்குறைய 30 கலோரிதான். ஒரு நாள் வயிறு நிறைய அது பல தடவை பதுங்கி, பாய்ந்து, பல தடவை தோற்று, எட்டுப் பத்து எலியாவது பிடித்தாக வேண்டும். அதே கலோரி கிண்ணத்தில் கொட்டப்பட்டால் சில நிமிடத்தில் முடிந்துவிடும். மிச்ச நேரத்துக்கு என்ன செய்வது?

இந்தக் கேள்வியை முதலில் மும்முரமாகக் கேட்டவர்கள் வீட்டுக்காரர்கள் அல்ல, மிருகக்காட்சிசாலைக்காரர்கள். கூண்டில் ஒரே தடத்தில் நடந்து நடந்து தேயும் புலியை நாமும் பார்த்திருக்கிறோம். 1970-களில் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லேண்ட் மிருகக்காட்சிசாலையில் ஹால் மார்க்கோவிட்ஸ் என்ற உளவியலாளர், விளக்கு எரிந்ததும் நெம்புகோலை இழுத்து, தாவிப் போய் இன்னொரு நெம்புகோலை இழுத்தால் சாப்பாடு வரும்படி கிப்பன் குரங்குகளுக்கு ஏற்பாடு செய்தார். தார்ண்டைக்கின் விதி ஸ்கின்னர் வழியாக வந்து இங்கே வேறு வேலைக்குப் பயன்பட்டது. அளப்பதற்காக இருந்த நெம்புகோல் விலங்கின் பொழுதுக்காக என்று ஆனது. இயந்திரம் எதற்கு, இயற்கையான சூழலைக் கொடுங்கள் என்று சிலர் சண்டை போட்டார்கள். 1993-ல் வெளியான ஓர் ஆய்வில் இயந்திரமே இல்லை. சிறுத்தைப் பூனைகளுக்கான சாப்பாட்டைச் சுள்ளிக் குவியல்களுக்குள் ஒளித்து, நாளுக்குப் பல தடவை வைத்தார்கள். தேடல் கூடியது, சும்மா நடப்பது குறைந்தது.

வீட்டுப் பூனைக்கு இது வந்து சேர்ந்தது மருத்துவத்தின் வழியாக. ஓஹயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் என்ற கால்நடை மருத்துவர், காரணம் தெரியாத சிறுநீர்ப்பை அழற்சி வந்த பூனைகளைப் பல வருடம் ஆராய்ந்தார். கிருமி இருக்காது, கல் இருக்காது. ஆனால் சிறுநீரில் இரத்தம் வரும், கண்ட இடத்தில் போகும். இந்த ஒரு காரணத்துக்காகவே பூனைகளைக் கைவிடுகிறவர்கள், ஊசி போட்டுக் கொல்லச் சொல்கிறவர்கள் உண்டு. அவருடைய ஆய்வகத்துக்குப் பல பூனைகள் வந்ததே அப்படி வேண்டாம் என்று விடப்பட்டுத்தான். 2006-ல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில், வீட்டில் வைத்தே 46 பூனைகளின் சூழலை மாற்றினார்கள். ஏறி உட்கார இடம், ஒளிய இடம், விளையாட்டு, சண்டையில்லாத சாப்பாட்டு நேரம் என்று. அறிகுறிகள் நன்றாகக் குறைந்தன. 2011-ல் இன்னொன்று. 32 பூனைகளை 77 வாரம் கவனித்தார்கள். பழகிய பராமரிப்பாளர் மாறினால், வழக்கமான நேரம் தவறினால், நோயாளிப் பூனைகள் மட்டுமல்ல, ஆரோக்கியமான பூனைகளும் வாந்தி எடுத்தன, சாப்பிட மறுத்தன, தட்டுக்கு வெளியே போயின. மனச் சலிப்பு, பதற்றம் எல்லாம் பூனைக்கு உடம்பிலேயே தெரியும் விஷயங்கள். 2016-ல் டாண்டாஸ், டெல்காடோ, பஃபிங்டன் முதலானோர் உணவுப் புதிர்களைப் பற்றியே தனியாக ஒரு கட்டுரை எழுதினார்கள். எடை குறைந்த பூனை, ஆளைக் கடிப்பதை நிறுத்திய பூனை என்று உதாரணங்கள் இருந்தன. ஆனால் அவை தனித்தனிப் பூனைகளின் கதைகள். ரோமனேஸின் வண்டிக்காரர் பூனை ஞாபகத்துக்கு வருகிறதா?

ஒரு சிக்கலும் இருக்கிறது. 1963-ல் ஜென்சன் என்பவர், பக்கத்தில் இலவசச் சாப்பாடு இருக்கும்போதே எலிகள் போய் நெம்புகோலை அழுத்திச் சம்பாதித்துச் சாப்பிடுவதைக் காட்டினார். புறாக்களும் அப்படியே செய்தன. உழைத்துச் சாப்பிட விலங்குகளுக்குப் பிடிக்கும் என்று எல்லோரும் மகிழ்ந்திருந்தபோது, 1971-ல் பூனைகளைச் சோதித்தவர்கள் தங்கள் கட்டுரைக்கு வைத்த தலைப்பிலேயே "பூனைச் சோம்பல்" என்று போட்டுவிட்டார்கள். இலவசம் இருந்தால் பூனை இலவசத்தைத்தான் தின்னும். சரி, அது ஆய்வகப் பூனை என்று சொல்லலாமா? 2021-ல் உணவுப் புதிர்களை ஆதரிக்கும் அதே டெல்காடோ, 17 வீட்டுப் பூனைகளுக்குத் தட்டு ஒன்று, புதிர் ஒன்று பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பெரும்பாலும் தட்டுதான் ஜெயித்தது. தான் பரிந்துரைக்கும் பொருளுக்குச் சாதகமில்லாத முடிவை மறைக்காமல் வெளியிட்டாரே, அவருக்கு ஒரு சபாஷ்.

அப்படியென்றால் புதிர் வீணா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. சும்மா கிடைத்தால் நானும் படியில் ஏறாமல் லிஃப்டில்தான் போவேன். அதனால் என் கால்களுக்கு நடை தேவையில்லை என்று ஆகிவிடுமா? எதை விரும்புகிறது என்பது ஒரு கேள்வி, எது இல்லாவிட்டால் கெட்டுப்போகும் என்பது வேறு கேள்வி. ஆனால் "பூனைக்குப் புதிர் ரொம்பப் பிடிக்கும்" என்று பெட்டியின் மேல் அச்சடித்திருந்தால் கொஞ்சம் சந்தேகப்படலாம். பிடித்திருப்பது நமக்காகவும் இருக்கலாம்.

தார்ண்டைக்கின் பெட்டிக்கும் இந்தப் பந்துக்கும் உள்ள உண்மையான வித்தியாசம், பூனை எழுந்து போய்விடலாம் என்பதுதான். "பசித்தால் தானாக உருட்டும்" என்று சாதாரணத் தட்டை எடுத்துவிட்டால் அந்த வித்தியாசம் போய்விடுகிறது. அது ஆபத்தும் கூட. பூனை, அதிலும் குண்டுப் பூனை, சில நாள் சாப்பிடாமல் இருந்தாலே ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே வினையாகலாம். அதனால் தெரிந்தவர்கள் சொல்வது இதுதான்: வழக்கமான தட்டு இருக்கட்டும், அதில் ஒரு பங்கை மட்டும் புதிருக்கு மாற்றுங்கள். முதல் நாள் பந்தில் தீவனத்தை நிரப்பி வையுங்கள், லேசாக இடித்தாலே கொட்டும்படி. கடையில் வாங்க வேண்டும் என்றுகூட இல்லை. காலி முட்டை அட்டையின் குழிகளில் நாலைந்து மணிகளைப் போட்டு வைத்தால் போதும். பூனை அதை முகர்ந்து பார்த்துவிட்டு அட்டைமேல் படுத்துத் தூங்கிவிட்டால், விட்டுவிடுங்கள். மறுநாள் வேறொன்றை வைத்துப் பார்க்கலாம்.