திராட்சைத் தோட்டமும் வன்னி வயலும்

வவுனியா நகருக்கு வடக்கே, யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதியை அண்டி அமைந்த ஓமந்தை, குளத்தையும் வயலையும் நம்பி வாழும் வன்னிக் கிராமங்களுள் ஒன்று. குளக்கட்டு உடைந்தால் வயல் இல்லை. பலர் கைகூடாவிடின் குளக்கட்டு இல்லை. ஆதலின் உழைப்பென்பது இங்கு தனிமனிதனின் சம்பாத்தியம் மட்டுமன்று, ஊரின் இருப்புமாகும். கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரைக்கிணங்க 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டபோது கட்டாய ஊழியம் நீங்கியது. குளங்களைப் பேணிய கூட்டுமுயற்சியும் அதனோடு தளர்ந்தது. 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனச் சட்டம் அதனை மீட்க முனைந்தது. கட்டாயமின்றி மனிதர் ஒன்றுகூடி உழைப்பது எங்ஙனம் என்பதே அன்றைய சிக்கல்.

உழைப்பின் பொருள் யாது என்ற வினாவிற்குக் கிறிஸ்தவ மரபு தரும் விடை இவ்விடத்து நோக்கற்பாலது. தொடக்கநூலை மேலோட்டமாகப் படிப்போர், உழைப்பு பாவத்தின் தண்டனையென்பர். அது பிழை. தோட்டத்தைப் பண்படுத்திக் காக்குமாறு மனிதன் பணிக்கப்படுவது வீழ்ச்சிக்கு முன்னரேயாம்; பின்னர் வந்தவை வேர்வையும் முள்ளுமே. இயேசு தச்சராக அறியப்பட்டவர். பவுலடியார் கூடாரத் தொழிலாற் பிழைத்தவர். உடலுழைப்பை அடிமைக்குரியதெனக் கருதிய உரோம மேன்மக்களிடையே இது சிறு செய்தியன்று. ஆயினும் ஈழத்தில் இச்செய்தி எவ்வளவு தூரம் வேரூன்றியது? அமெரிக்க மிஷனரிமார் 1823இல் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரி 1855இல் மூடப்பட்டமைக்குரிய காரணங்களுள் ஒன்று, மாணாக்கர் ஆங்கிலக் கல்வியை உத்தியோகத்திற்கு ஏணியாகக் கொண்டமை. தச்சரின் பெயரால் தொடங்கிய கல்வி எழுதுவினைஞர்களை ஆக்கித் தந்தது.

மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் ஓர் உவமை உண்டு. தம்மைக் கூலிக்கு அமர்த்துவார் எவருமின்றி மாலைவரை சந்தையில் நின்றோரையும் திராட்சைத் தோட்டத்திற்கு அழைத்த உரிமையாளன், அவர்களுக்கும் முழுநாட் கூலியே கொடுத்தான். காலையில் வந்தோர் முறுமுறுத்தனர். கணக்கனின் கண்ணோட்டத்தில் அவர்தம் முறையீடு நியாயமானதே. ஆனால் கடைசியாக வந்தவனுக்கும் அன்றிரவு வயிறு ஒன்றுதான்.

இவ்வுவமையின் சொற்களையே தலைப்பாக்கி ஜோன் ரஸ்கின் 1860இல் பொருளியற் கட்டுரைகள் எழுதினார். 1904இல் ஜொகனஸ்பேர்க்கிலிருந்து டேர்பன் செல்லும் புகையிரதத்தில் அந்நூலைப் படித்த காந்தியடிகள் அவ்வாண்டிலேயே பீனிக்ஸ் குடியிருப்பைத் தொடங்கினார். வழக்கறிஞன் வேலைக்கும் நாவிதன் வேலைக்கும் மதிப்பு ஒன்றே என்பது அவர் அதிற் கண்ட பாடங்களுள் ஒன்று. 1908இல் அதனைச் ‘சர்வோதயம்’ என்ற பெயரிற் குஜராத்தியிற் சுருக்கித் தந்தார். காந்தியடிகளின் பெயரைத் தாங்கி 1976இல் வவுனியாவை மையமாகக் கொண்டு எஸ். ஏ. டேவிட்டும் மருத்துவர் இராசசுந்தரமும் காந்தீயம் இயக்கத்தை நிறுவினர். அது கிறிஸ்தவ அமைப்பன்று. எனினும் இயேசு சொன்ன உவமை இவ்வாறு சுற்றிவந்து வன்னிக்காட்டை எட்டியதை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்றெனலாம்.

காந்தீயம் வரவேற்ற மக்களுட் பெரும்பாலோர் மலையகத்தவர். 1948ஆம் ஆண்டின் சட்டத்தாற் குடியுரிமை இழந்து, எழுபதுகளின் பஞ்சத்தாலும் 1977ஆம் ஆண்டின் வன்செயலாலும் பெயர்ந்து வந்தவர்கள். கொழுந்தின் நிறை குறைந்தால் ‘அரைப் பேர்’ போடும் முறையில் வாழ்ந்த அவர்களுக்கு, முழுக்கூலி கொடுத்த உரிமையாளனின் கதை வெறும் உவமையன்று. அவர்கள் காடு வெட்டினர், கிணறு தோண்டினர், தமக்கென முதன்முறை விதைத்தனர்.

உழைப்பின் மதிப்பு செய்யப்படும் பொருளிலன்று, செய்பவன் மனிதன் என்பதிலேயே தங்கியுள்ளதெனத் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981 செப்தெம்பரில் வெளியிட்ட தொழில் பற்றிய சுற்றுமடலில் வலியுறுத்தினார். ஒன்றரை ஆண்டு கழித்து, 1983 ஏப்பிரலில், டேவிட்டும் இராசசுந்தரமும் கைதாயினர். அவ்வாண்டு யூலை 27இல் வெலிக்கடைச் சிறையில் இராசசுந்தரம் கொல்லப்பட்டார்.

உழைக்க மனமில்லாதவன் உண்ணலாகாது எனப் பவுலடியார் விதித்ததை மேடைகளில் எடுத்தாள்வோர், ‘மனமில்லாதவன்’ என்ற சொல்லை எளிதில் விட்டுவிடுவர். 2009இல் ஓமந்தைச் சோதனைச்சாவடியூடாகச் செட்டிகுளம் முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டோரில் எத்தனையோ பேர் கமக்காரர். முட்கம்பிக்குள் நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்ற அவர்களின் வயல்கள் அப்பால், விதைப்பாரின்றிக் கிடந்தன.